மலையகத்து அலுவலகத்தில் சேர்வர் மாற்றம்: நாலைந்து பழைய பெட்டிகளிலிருந்து இரண்டு ஹோஸ்டுகளுக்கு

தோட்டக் கம்பனியின் பிராந்திய அலுவலகம், தேயிலைத் தொழிற்சாலை, கூட்டுறவுச் சங்கம், தனியார் வைத்தியசாலை என்று மலையகத்தில் சேர்வர் வைத்து நடத்தும் இடங்களில் நிலைமை ஏறத்தாழ ஒன்றுதான். செக்ரோலுக்கு, அதாவது தொழிலாளரின் வரவு, சம்பளப் பதிவேட்டுக்கு ஒரு பெட்டி, தேயிலை இருப்புக்கும் டிஸ்பாட்சுக்கும் ஒன்று, கைரேகை வரவுக்கு ஒன்று, ஃபைல் வைக்க ஒன்று. எல்லாம் வெவ்வேறு வருடத்தில் வாங்கியவை. ஒன்றின் பவர் சப்ளை மற்றதற்குப் பொருந்தாது. இவற்றை ஹோஸ்ட் எனப்படும் இரண்டு நல்ல இயந்திரங்களுக்குள் மெய்நிகர் சேர்வர்களாக, அதாவது வீ.எம்.களாகக் கொண்டுவருவது எப்படி என்பதுதான் இங்கே விஷயம். ஆறு முதல் பத்து வீ.எம்., ஐம்பது அறுபது பேர் பாவிக்கும் அளவை மனதில் வைத்து எழுதியிருக்கிறோம்.

கொழும்பில் எழுதப்பட்ட திட்டத்தை அப்படியே ஹட்டனுக்கோ பண்டாரவளைக்கோ கொண்டுவரக் கூடாது. அங்கே ஒரு டிஸ்க் போனால் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்கு ஆளை அனுப்பி மத்தியானத்துக்குள் மாற்றிவிடலாம். இங்கே கினிகத்தேனைப் பக்கம் மண் சரிந்தால் அந்த டிஸ்க் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் அடித்தபோது பாதை, ரயில், கரண்ட், போன் எல்லாம் ஒரே நேரத்தில் போனதை இங்குள்ளவர்களுக்குச் சொல்லிக் காட்டத் தேவையில்லை. ஆகவே ஒவ்வொரு பொருளை வாங்கும்போதும் ஒரே கேள்வி: இது செத்தால், கீழிருந்து எதுவும் வராமல் ஒரு வாரம் ஓட்ட முடியுமா? விலையும் வேகமும் அதற்குப் பிறகுதான்.

இருப்பதைக் கணக்கெடுத்தல்

ஒரு தாளில் பெட்டி வாரியாக எழுதுங்கள்: என்ன வேலை செய்கிறது, ஓ.எஸ். பதிப்பு, எத்தனை கோர், எவ்வளவு ரேம், டிஸ்க்கில் உண்மையில் நிரம்பியிருப்பது எவ்வளவு, ஐ.பி. முகவரி, யார் பாவிக்கிறார்கள், மென்பொருள் தந்த ஆள் இன்னும் தொடர்பில் இருக்கிறாரா. கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். ஊரை விட்டுப் போன ஒரு புரோகிராமர் எழுதிய செக்ரோல் மென்பொருளுக்கு நிறுவும் சீடீ கூட இல்லாமல் இருப்பது இங்கே சகஜம். அப்படியென்றால் அந்தப் பெட்டியைப் புதிதாக நிறுவ முடியாது, முழுதாக நகல் எடுத்துத்தான் ஆக வேண்டும். திட்டமே அதைப் பொறுத்து மாறும்.

பெட்டியின் பின்பக்கத்தையும் டோர்ச் அடித்துப் பாருங்கள். மென்பொருளின் லைசன்ஸைச் சரிபார்க்கும் யூ.எஸ்.பி. டொங்கிள் ஏதும் செருகியிருக்கிறதா? கொழுந்து நிறுக்கும் தராசிலிருந்து ஒரு சீரியல் கேபிள் வருகிறதா? டொங்கிளை ஹோஸ்டில் செருகி அந்த வீ.எம்.முக்கு மட்டும் ஒதுக்கிக் கொடுக்கலாம். ஆனால் அதன் பிறகு அந்த வீ.எம். ஓடிக்கொண்டிருக்கும்போதே மற்ற ஹோஸ்டுக்கு நகராது. தராசு கேபிளுக்கு ஹோஸ்டின் சீரியல் போர்ட்டை நம்பாதீர்கள். சீரியலை ஈதர்நெட்டாக மாற்றும் சிறிய பெட்டி ஒன்றைத் தராசுக்குப் பக்கத்தில் வைத்தால், வீ.எம். எந்த ஹோஸ்டில் இருந்தாலும் அதே கொம் போர்ட் எண்ணில் தராசு தெரியும். பாட் ரேட், பரிட்டி, ஸ்டொப் பிட் மூன்றையும் பழைய பெட்டியில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் 9600, ஆனாலும் ஊகித்து எழுத வேண்டாம்.

சீபியூ, ரேம், டிஸ்க் பாவனையை ஒரு முழு மாதம் அளவிடுங்கள். விண்டோஸில் பெர்ஃபோர்மன்ஸ் மொனிட்டரே போதும், ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை பதியட்டும். ஒரு வாரம் மட்டும் அளந்தால் சம்பளம் போடும் நாட்கள் தவறிவிடும். தோட்டத்துச் சேர்வருக்கு மாதத்தில் உண்மையான வேலை அந்த நாட்களில்தான்.

அறை: கரண்ட், ஈரம், இடி

நுவரெலியா குளிரில் ஏசி எதற்கு, ஜன்னலைத் திறந்தால் போதாதா என்று எல்லா இடத்திலும் கேட்பார்கள். போதாது. ஜன்னலால் குளிர் மட்டும் வராது, மூடுபனியும் சேர்ந்து வரும். சேர்வருக்குள் போகும் காற்று 18 முதல் 27 பாகை செல்சியஸ், ஈரப்பதன் 60 வீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது குளிரூட்டல் பொறியியலாளர்களின் ஆஷ்ரே அமைப்பின் பரிந்துரை. மாலை மூன்று மணிக்குப் பனி இறங்கினால் வெளியே ஈரப்பதன் நூறைத் தொடும். அந்த ஈரம் தூசியோடு சேர்ந்து மின்சுற்றுப் பலகையில் படிந்து, கொனெக்டர் கால்களை மெல்ல அரிக்கும். அறையை மூடிவைத்து ஒரு டிஹியூமிடிஃபையர் போடுங்கள். அதன் தண்ணீர் வாளியில் நிறையாமல் குழாய் வழியே வெளியே போகட்டும், வாளி நிறைந்தால் இயந்திரம் தானாக நின்றுவிடும். ஏசி தேவைப்பட்டால், கரண்ட் போய் வந்ததும் தானே மறுபடி ஓடும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். எல்லா மொடலும் அப்படி ஓடாது.

உயரம் கூடக் கூடக் காற்று மெலிவதால் விசிறி அடித்தாலும் சூடு குறைவாகத்தான் வெளியேறும். சாதாரண சேர்வர்களுக்கு அனுமதித்த உச்ச வெப்பநிலை 35 பாகை. 900 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் அதில் ஒரு பாகை கழிக்க வேண்டும். நுவரெலியா நகரம் 1868 மீட்டரில் இருப்பதால் அங்கே உச்சம் 32 என்று வைத்துக்கொள்ளுங்கள். பூட்டிய சிறிய அறையில், ஏசி நின்ற பகலில், 32 பாகை எட்டாத இடத்து எண் அல்ல.

தொழிற்சாலைக்குள் அறை தேடுவதென்றால் சலிக்கும் பகுதிக்கும் உலர்த்திக்கும் பக்கத்துச் சுவரை விட்டுவிடுங்கள். அங்கே பறக்கும் தேயிலைப் பஞ்சு கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. பவர் சப்ளையின் வலைக்கண்ணில் பழுப்பு நிறத்தில் மெத்தை போலப் படிந்து, ஈரத்தை உறிஞ்சிக் கெட்டியாகிவிடும். ஊதினால் போகாது, தூரிகையால் சுரண்டி எடுக்க வேண்டும். அலுவலகக் கட்டடம் பழைய காலத்துப் பலகைத் தரையும் தகரக் கூரையும் என்றால் சேர்வர்களை அடுக்கும் ரெக்கைச் சுவரோரமாக, தரைச் சட்டங்களுக்கு மேலே வருமாறு வையுங்கள். கூரை ஒழுகும் இடத்துக்கு நேர் கீழே மட்டும் வேண்டாம். 24யூ (24 தட்டு உயரம்) ரெக் தாராளமாகப் போதும். ஆழம் 1000 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். நெட்வேர்க் சாமான் வைக்கும் 600 மில்லிமீட்டர் சுவர்ப் பெட்டிக்குள் சேர்வர் போகாது. சேர்வர் வந்து இறங்கிய பிறகு இதைக் கண்டுபிடிக்கும் இடங்கள் ஏராளம்.

இனிக் கரண்ட். சேர்வர் ரெக்குக்கு மெயின் போர்டிலிருந்து தனி வயர் இழுக்க வேண்டும். அலுவலகம் முழுவதற்கும் ஒரே 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் இருந்தால், ரெக்கையும் அதிலேயே கொடுக்காதீர்கள். ஒவ்வொரு பவர் சப்ளையும் எர்த்துக்குச் சிறிதளவு கசிய விடும், அது பழுதல்ல. நாலைந்து பவர் சப்ளையின் கசிவும் அலுவலகத்துக் கணினிகளின் கசிவும் சேர்ந்து அந்த 30 மில்லிஅம்பியரில் பாதியைத் தாண்டினால், யாரோ கேத்தலைப் போட்ட நேரத்தில் எல்லாம் இருட்டாகும். அதற்காக ட்ரிப் சுவிட்சைக் கழற்றிவிடும் ஆட்களும் இருக்கிறார்கள். அது உயிரோடு விளையாடுவது. ரெக்குக்கென்று தனி ட்ரிப் போட்டுப் பிரிப்பதுதான் வழி. எந்த வகை, எத்தனை மில்லிஅம்பியர் என்பதை அனுமதிப்பத்திரம் உள்ள மின்னியலாளர் முடிவு செய்யட்டும். எர்த் எதிர்ப்பை அவரையே அளக்கச் சொல்லுங்கள். 10 ஓமுக்குக் கீழே என்பது நல்ல இலக்கு. பாறை மண்ணில் ஒரு கம்பி போதாமல் இரண்டு மூன்று அடித்து இணைக்க வேண்டி வரும்.

மார்ச் ஏப்ரலிலும் ஒக்டோபர் நவம்பரிலும் பின்னேரம் இடி முழங்கும் ஊர்கள் இவை. மெயின் போர்டிலும் ரெக்குக்குப் போகும் உப போர்டிலும் சேர்ஜ் புரொடெக்டர் போடுவது பாதி வேலைதான். மற்றப் பாதி செப்புக் கம்பி. தொழிற்சாலைக்கும் அலுவலகத்துக்கும் இடையில் வெளியே தொங்கும் நெட்வேர்க் கேபிள், கேட்டுக்குப் போகும் கெமரா கேபிள், பழைய டெலிபோன் லைன் எல்லாம் மின்னல் உள்ளே வரும் வாசல்கள். கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் இடையே ஃபைபர் மட்டும் போடுங்கள், அதுவும் உலோகக் கவசம் இல்லாத ஃபைபர். இரண்டு முனையிலும் மீடியா கொன்வேட்டர். முழுச் செலவில் இது சின்னத் தொகை. சுவிட்சும் சேர்வர் போர்ட்டும் ஒருசேரக் கருகுவதைத் தடுக்க இதைவிட நல்ல வழி தெரியவில்லை.

யூ.பி.எஸ். விஷயத்தில் ஒரு 3 கேவீஏயை விட இரண்டு 2 கேவீஏ நல்லது, ஓன்லைன் வகையாக (கரண்டை எப்போதும் தன் சுற்று வழியே மாற்றித் தருவது). கணக்கு இப்படி: ஒரு ஹோஸ்ட் சாதாரணமாக 250 வாட், உச்சத்தில் 400. இரண்டு ஹோஸ்டும் சுவிட்ச், நாஸ் (நெட்வேர்க்கில் இணைத்த சேமிப்புப் பெட்டி), ரவுட்டரும் சேர்ந்து சாதாரணம் 650, உச்சம் 950 வாட். 2 கேவீஏ யூ.பி.எஸ். 1800 வாட் தரும், ஒன்றே எல்லாவற்றையும் தாங்கும். ஒவ்வொரு சேர்வரின் இரண்டு பவர் சப்ளையில் ஒன்றை முதல் யூ.பி.எஸ்.ஸிலும் மற்றதை இரண்டாவதிலும் செருகுங்கள். பவர் சப்ளை ஒன்று மட்டுமே உள்ள சுவிட்சும் ரவுட்டரும் எந்த யூ.பி.எஸ்.ஸில் என்பதைப் பெயர் ஒட்டி எழுதிவையுங்கள். 12 வோல்ட் 9 அம்பியர் மணி பெட்டரி நான்கு உள்ள யூ.பி.எஸ். தனியே 650 வாட்டைச் சுமந்தால் பெட்டரி புதிதாக இருக்கும்போது கால் மணித்தியாலம் அளவு நிற்கும், இரண்டும் பகிர்ந்தால் அரை மணித்தியாலத்தைத் தொடும். அது ஜெனரேட்டர் வரும்வரை தாங்குவதற்கும், வராவிட்டால் ஒழுங்காக மூடுவதற்கும்தான். வேலை செய்து முடிப்பதற்கல்ல.

ஜெனரேட்டரில் இரண்டு சிக்கல். டர்போ இல்லாத டீசல் இன்ஜின் உயரத்தில் மூச்சு வாங்கும். ஒவ்வொரு 300 மீட்டருக்கும் ஏறக்குறைய 3 வீதம் வலு போகும் என்பது வழமையான கணக்கு. 20 கேவீஏ என்று தகட்டில் இருப்பது நுவரெலியாவில் 16 கேவீஏ போலத்தான் நடக்கும். அடுத்தது, ஜெனரேட்டரின் அலைவெண் ஆடினால் யூ.பி.எஸ். அந்தக் கரண்டை ஏற்காமல் பெட்டரியிலேயே ஓடிக்கொண்டிருக்கும். வெளியே ஜெனரேட்டர் உறுமும், உள்ளே பெட்டரி தீரும். யூ.பி.எஸ். அமைப்பில் உள்வரும் அலைவெண் வரம்பை 45 முதல் 55 ஹெர்ட்ஸ் வரை அகலமாக்கி, ஜெனரேட்டரின் கவர்னரையும் சரிசெய்யுங்கள்.

எவ்வளவு வாங்குவது

விதி ஒன்றுதான்: ஒரு ஹோஸ்ட் செத்தாலும் மற்றது எல்லா வீ.எம்.களையும் தூக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு ஹோஸ்டும் தனியே முழுச் சுமைக்குப் போதுமானதாக இருக்க வேண்டும். உதாரணத்துக்கு ஒரு பங்கீடு: டொமைன் கொன்ட்ரோலர் (பயனர் கணக்கையும் கடவுச்சொல்லையும் சரிபார்ப்பது) இரண்டு, ஒவ்வொன்றும் 2 கோர், 4 ஜிபி. செக்ரோல் தரவுத்தளம் 4 கோர், 32 ஜிபி. தேயிலை இருப்பும் டிஸ்பாட்சும் 4 கோர், 16 ஜிபி. ஃபைல் சேர்வர் 2 கோர், 8 ஜிபி. கைரேகை வரவு 2 கோர், 4 ஜிபி. கண்காணிப்பும் சில்லறையும் 2 கோர், 4 ஜிபி. மொத்தம் 18 கோர், 72 ஜிபி. ஹோஸ்டின் சொந்தப் பாவனைக்கும் வளர்ச்சிக்கும் இடம் விட்டு ஒவ்வொரு ஹோஸ்டிலும் 128 ஜிபி வேண்டும். ரேமுக்கு எட்டு சனல் (வழி) உள்ள சீபியூ என்றால் 16 ஜிபி ரேம் எட்டு போடுங்கள். 64 ஜிபி இரண்டு போட்டாலும் கூட்டுத்தொகை அதுவேதான், ஆனால் எட்டில் ஆறு சனல் சும்மா கிடக்கும்.

கோரைத் தாராளமாகப் பகிரலாம். உண்மையான ஒரு கோருக்கு மூன்று நான்கு மெய்நிகர் கோர் என்பது அலுவலக வேலைக்குப் பிரச்சினையில்லை. ரேமை அப்படிப் பகிர வேண்டாம், இருப்பதற்கு மேல் ஒதுக்கினால் தரவுத்தளம்தான் முதலில் நொண்டும்.

சீபியூ ஒன்றே போதும், 16 கோர். இதற்குக் காரணம் லைசன்ஸ். விண்டோஸ் சேர்வர் லைசன்ஸ் ஓர் இயந்திரத்துக்குக் குறைந்தது 16 கோருக்கு எடுத்தாக வேண்டும். 24 கோர் வாங்கினால் எட்டுக் கோருக்குக் கூடுதல் காசு. ஸ்டாண்டர்ட் பதிப்பு ஒரு தொகுதி இரண்டு வீ.எம்.முக்குத்தான் உரிமை தரும். ஆறு விண்டோஸ் வீ.எம். என்றால் மூன்று தொகுதி. வீ.எம். இரண்டு ஹோஸ்டுக்கும் போய்வரும் என்றால் இரண்டு ஹோஸ்டுக்கும் மும்மூன்று, ஆக ஆறு. விலைப்பட்டியல் கேட்கும்போது விற்பவர்கள் பல தடவை மூன்றை மட்டும் போட்டுக் கொடுப்பார்கள்.

டிஸ்க்குக்கு எண்டர்பிரைஸ் எஸ்.எஸ்.டி. மட்டும், கரண்ட் திடீரென்று போனாலும் எழுதிக்கொண்டிருந்ததைக் காக்கும் கெப்பாசிட்டர் உள்ளது. கடையில் மடிக்கணினிக்கு விற்கும் எஸ்.எஸ்.டி. விலையில் பாதியாக இருக்கும். தரவுத்தளம் எழுதும் ஒவ்வொன்றையும் டிஸ்க்கில் உறுதிப்படுத்தும் வேலையில் அது சுழலும் டிஸ்க் போல மந்தமாகும், சீக்கிரம் தேய்ந்தும் போகும். ஹோஸ்டுக்கு 1.92 டெராபைட் நான்கு, ரெய்ட் 10 முறையில் (ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஒரு பிரதி டிஸ்க்), ஏறக்குறைய 3.8 டெராபைட் கிடைக்கும். டிஸ்க்குகளை மென்பொருளாலேயே இணைக்கும் இசட்.எஃப்.எஸ். பாவிப்பதென்றால் ரெய்ட் கார்ட் இல்லாமல், டிஸ்க்கை நேரே இணைக்கும் எச்.பி.ஏ. கார்ட் கேளுங்கள். ரெய்ட் கார்ட் இருந்தால் அதன் கேஷ் பெட்டரியையும் கண்காணிப்பில் சேருங்கள். அது செத்ததும் கார்ட் சத்தமில்லாமல் மெதுவான முறைக்கு மாறிவிடும், எல்லோரும் நெட்வேர்க்கைத் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

மேலே, உங்கள் அலுமாரியில் இருக்க வேண்டியவை: அதே மொடல் எஸ்.எஸ்.டி. இரண்டு, பவர் சப்ளை ஒன்று, விசிறி ஒன்று, அமைப்பு எழுதிவைத்த சுவிட்ச் ஒன்று, ஃபைபர் கொன்வேட்டர் ஒரு சோடி, பவர் கேபிள் சில. இரண்டு ஹோஸ்டும் ஒரே மொடலாக இருப்பதன் பெரிய இலாபம் இதுதான், ஒரே அலுமாரி இரண்டுக்கும் உதவும். சுவர் சொக்கட் பழைய உருண்டைக் கால் வகையா, 13 அம்பியர் சதுரக் கால் வகையா என்றும் பார்த்து ப்ளக் வாங்குங்கள். போயா நாளில் கடை திறந்திருக்காது.

எந்த மென்பொருள்

வீ.எம்.களை ஓட்டும் மென்பொருளாக வீ.எம்.வெயார் (ஈஎஸ்எக்ஸ்ஐ) ஏற்கெனவே இருப்பவர்களுக்கு: 2023 நவம்பரில் புரோட்கொம் அந்த நிறுவனத்தை வாங்கிய பின் நிரந்தர லைசன்ஸ் விற்பனை நின்றுவிட்டது, இப்போது கோர் கணக்கில் சந்தா. ஈஎஸ்எக்ஸ்ஐ 7க்கான பொதுவான ஆதரவு 2025 ஒக்டோபர் 2ஆம் திகதியோடு முடிந்தது. எல்லாம் விண்டோஸ் என்று, லைசன்ஸும் எப்படியோ வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் அதே வேலைக்கான ஹைப்பர்-வீ அதற்குள்ளேயே வருகிறது, கூடுதல் செலவில்லை. லினக்ஸ் கை பழகியவர் ஒருவராவது அலுவலகத்தில் இருந்தால் லினக்ஸில் ஓடும் ப்ரொக்ஸ்மொக்ஸ் எங்கள் தெரிவு. காசில்லாமலே முழு வசதியும் கிடைக்கும். ஈஎஸ்எக்ஸ்ஐயிலிருந்து வீ.எம்.களை இழுத்தெடுக்கும் வசதி 8.2 பதிப்பிலிருந்து உள்ளேயே இருக்கிறது. இனி வருவது ப்ரொக்ஸ்மொக்ஸை வைத்துத்தான்.

உள்ளே ஓடும் ஓ.எஸ்.ஸையும் பாருங்கள். விண்டோஸ் சேர்வர் 2012 ஆர்2வின் ஆதரவு 2023 ஒக்டோபரில் முடிந்தது. 2016க்கு 2027 ஜனவரி 12 கடைசி. மாற்றும்போதே இதையும் சேர்த்து முடித்தால் இரண்டு தடவை வேலை நிறுத்த வேண்டியதில்லை.

இயந்திரம் வந்ததும்

பெட்டியைப் பிரிக்க அவசரப்படாதீர்கள். குளிர்ந்த லொறியில் ராத்திரி முழுதும் வந்த சேர்வரைச் சூடான அறையில் உடனே திறந்தால் உள்ளே வியர்த்துவிடும். பெட்டியோடு ஒரு நாள் அறையிலேயே கிடக்கட்டும்.

பிறகு ஃபர்ம்வெயார் எல்லாவற்றையும் புதுப்பித்து, சேர்வரைத் தூரத்திலிருந்து கட்டுப்படுத்தும் மேலாண்மைப் போர்ட்டுக்கு ஐ.பி. கொடுத்து, தயாரிப்பாளர் வைத்த கடவுச்சொல்லை மாற்றுங்கள். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் 24 மணித்தியாலம், டிஸ்க் சோதனை இரண்டு நாள். கெட்ட ரேமை வாரண்டிக்குத் திருப்பி அனுப்ப இதுதான் காலம்.

நெட்வேர்க்கை நான்காகப் பிரியுங்கள்: மேலாண்மை, வீ.எம்.களின் பாவனை, ஹோஸ்டுகளுக்கிடையிலான நகலெடுப்பு, பேக்கப். நகலெடுப்புக்கு இரண்டு ஹோஸ்டுக்கும் இடையே 10 கிகாபிட் நேரடிக் கேபிள் ஒன்று போதும், சுவிட்ச் வேண்டாம். மேலாண்மை வலையமைப்பு இணையத்துக்குத் திறந்திருக்கவே கூடாது. ஹோஸ்டுகளை ஒன்றாக இணைத்த கிளஸ்டரில் இரண்டு மட்டும் இருந்தால் ஒன்று போனவுடன் மற்றது தனக்குப் பெரும்பான்மை இல்லை என்று முடங்கும். மூன்றாவது வாக்குக்கு ஒரு சிறிய கணினியில் கியூடிவைஸ் நிறுவுங்கள், ரெஸ்பெரி பை கூடப் போதும். அதை வேறு அறையில் வையுங்கள். இசட்.எஃப்.எஸ். நகலெடுப்பு இயல்பாக 15 நிமிடத்துக்கு ஒரு தடவை ஓடும். ஹோஸ்ட் செத்தால் கடைசி 15 நிமிட வேலை போகலாம் என்று அலுவலகத்தாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். செக்ரோலுக்கு இடைவெளியைக் குறைக்கலாம்.

வீ.எம்.மின் சீபியூ வகையை 'ஹோஸ்ட்' என்று விடாமல், பொதுவான ஒரு வகையைத் தெரிவுசெய்யுங்கள். நாளைக்கு மூன்றாவதாக வேறு தலைமுறை இயந்திரம் வாங்கினால், நகரும்போது வீ.எம். விழுந்துவிடாது.

யூ.பி.எஸ். இரண்டையும், அவற்றைக் கண்காணிக்கும் நட் மென்பொருளோடு இணைத்து, பெட்டரி 40 வீதத்துக்கு இறங்கினால் முதலில் வீ.எம்., பிறகு ஹோஸ்ட், கடைசியில் நாஸ் மூடும்படி செய்யுங்கள். கரண்ட் வந்ததும் டொமைன் கொன்ட்ரோலர் முதலில் எழும்பி, இரண்டு நிமிடம் கழித்துத் தரவுத்தளம் எழும்பட்டும்.

இனி உடைத்துப் பார்க்கும் நாள். ஒரு யூ.பி.எஸ்.ஸின் ப்ளக்கைப் பிடுங்குங்கள். ஒரு டிஸ்க்கை இழுத்தெடுங்கள். ஒரு ஹோஸ்டை ஓடிக்கொண்டிருக்கும்போதே நிறுத்துங்கள். வெறும் சோதனை வீ.எம்.களோடு இதைச் செய்யாமல் உண்மைத் தரவை ஏற்ற வேண்டாம்.

பேக்கப்

நகலெடுப்பு பேக்கப் அல்ல. யாராவது அழித்தால் அழிந்ததும் நகலாகும். ஸ்னெப்ஷொட்டும் (அதே டிஸ்க்கில் ஒரு கணத்து நிலையைப் பதிந்துவைப்பது) பேக்கப் அல்ல, மறந்து விட்டால் டிஸ்க்கை நிரப்பி எல்லா வீ.எம்.களையும் நிறுத்திவிடும். ப்ரொக்ஸ்மொக்ஸ் பேக்கப் சேர்வரைத் தனிப் பெட்டியில், முடிந்தால் வேறு கட்டடத்தில் வைத்து இரவில் ஓட்டுங்கள். வீ.எம்.களுக்குள், ஹோஸ்டோடு பேசும் கெஸ்ட் ஏஜண்ட் நிறுவியிருக்க வேண்டும், இல்லையேல் தரவுத்தளம் பாதியில் எழுதிக்கொண்டிருந்த நிலையிலேயே படம் பிடிக்கப்படும்.

ஹோஸ்டில் ஒன்று, பேக்கப் பெட்டியில் ஒன்று; மூன்றாவது பிரதி மலையை விட்டு வெளியே போக வேண்டும். உங்கள் இணைப்பின் மேலேற்றும் வேகம் 10 மெகாபிட் என்றால் மணித்தியாலத்துக்கு 4.5 ஜிபிதான் போகும். இரவு எட்டு மணித்தியாலத்தில் 36 ஜிபி, அன்றாட மாற்றத்துக்கு இது தாராளம். ஆனால் முதல் தடவை அனுப்பும் முழுப் பிரதி 1.2 டெராபைட் என்றால் இரவு பகலாக 11 நாள். ஆகவே அந்த முழுப் பிரதியை மறையாக்கம் செய்த டிஸ்க்கில் கையோடு கொண்டுபோய் ஏற்றிவிட்டு, பிறகு மாற்றத்தை மட்டும் அனுப்புங்கள். அந்த டிஸ்க்கில் ஆயிரக்கணக்கான தொழிலாளரின் அடையாள அட்டை எண்ணும் சம்பளமும் இருக்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் நினைவில் வைத்து, மறையாக்கத்தின் சாவியை டிஸ்க்கோடு சேர்த்து அனுப்பாதீர்கள்.

ஒரு வீ.எம்.மையாவது முழுதாக மீட்டு, திறந்து, உள்ளே போய்ப் பார்த்த பிறகே இடமாற்றம் தொடங்கலாம்.

இடமாற்றம்

சிறியதிலிருந்து தொடங்குங்கள். கைரேகை வரவு ஒரு நாள் நின்றால் புத்தகத்தில் கையெழுத்து வாங்கலாம். டொமைன் கொன்ட்ரோலரை மட்டும் நகல் எடுக்காதீர்கள். புதிய வீ.எம்.மில் புதிதாக ஒன்றை நிறுவி, பொறுப்புகளை அதற்கு மாற்றி, பழையதை முறையாக இறக்குங்கள்.

நிறுவும் சீடீ இல்லாத பெட்டிகளை டிஸ்க்2வீஎச்டீ என்ற கருவி கொண்டு படமெடுத்து ஹோஸ்டுக்குக் கொண்டுவரலாம். பழையது பயோஸ் முறையில் எழும்பியதா யூஈஎஃப்ஐயா என்று பார்த்து அதையே கொடுங்கள். முதல் தடவை டிஸ்க்கை, வீ.எம்.களுக்கென்றே உள்ள விர்ட்ஐஓ வகை என்று கொடுத்தால் நீலத்திரைதான், உள்ளே அந்த டிரைவர் இல்லை. சாட்டா என்று கொடுத்து எழுப்புங்கள். கூடவே 1 ஜிபி வெற்று டிஸ்க் ஒன்றை விர்ட்ஐஓவாகச் சேர்த்து டிரைவரை நிறுவுங்கள். மூடிவிட்டுப் பிரதான டிஸ்க்கையும் விர்ட்ஐஓவுக்கு மாற்றினால் எழும்பும். நிலையான ஐ.பி.யைக் கொடுக்கும்போது, இது வேறு கார்டில் இருக்கிறது என்று விண்டோஸ் முறைப்பாடு செய்தால், டிவைஸ் மெனேஜரில் மறைந்திருக்கும் பழைய நெட்வேர்க் கார்டைக் காட்டச் சொல்லி நீக்குங்கள்.

செக்ரோல் தரவுத்தளம் கடைசி. நாளைத் தெரிவு செய்யும்போது முதலாம் திகதி முதல் 12ஆம் திகதி வரை தொடாதீர்கள், சம்பளம் அதற்குள் வருகிறது. சித்திரை வருடப் பிறப்பு, தீபாவளி முற்பணக் காலமும் வேண்டாம். மாதப் பிற்பாதியில் சனி ஞாயிறோ அலுவலகம் மூடிய போயாவோ நல்லது. காலை ஆறு மணிக்குத் தொடங்குங்கள், இடி பின்னேரம்தான் வரும். மின்சாரம் வழங்கும் நிறுவனம் அன்றைக்குத் திருத்த வேலைக்குக் கரண்ட் வெட்டப் போகிறதா என்று முதல் நாளே கேளுங்கள்.

நிறுவும் கோப்புகள் கையில் இருக்கும் தரவுத்தளத்தைப் படமெடுக்க வேண்டாம். புதிய வீ.எம்.மில் புதிய ஓ.எஸ்., புதிய எஸ்.கியூ.எல். சேர்வர், அதில் மீட்டெடுப்பு. அன்றைய ஒழுங்கு இது:

1. முந்திய நாளே, சேர்வரின் பெயரை ஐ.பி. முகவரியாக மாற்றித் தரும் டி.என்.எஸ்.ஸில், மற்றக் கணினிகள் அந்த முகவரியை நினைவில் வைத்திருக்கும் ஆயுளை ஐந்து நிமிடமாகக் குறையுங்கள்.
2. காலையில் எல்லோரையும் வெளியேற்றி, கொழுந்து நிறையைப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.
3. முழு பேக்கப் எடுத்து இரண்டு டிஸ்க்கில் வையுங்கள், பிரதிகள் பிசகில்லை என்று காட்டும் செக்சம் எண்ணைப் பாருங்கள்.
4. புதிய வீ.எம்.மில் மீட்டெடுங்கள். லொகின்கள் தரவுத்தள பேக்கப்பில் வராது, தனியே மாற்ற வேண்டும். 32 ஜிபி வீ.எம்.மில் எஸ்.கியூ.எல். எடுக்கும் ரேமுக்கு 26 ஜிபி உச்சம் வையுங்கள்.
5. பெயரைப் புதிய முகவரிக்குத் திருப்புங்கள். பெயருக்குப் பதில் ஐ.பி.யையே எழுதிவைத்த பழைய ஓ.டி.பி.சி. (தரவுத்தளத்தோடு பேசும்) இணைப்புகளைக் கணினி கணினியாகப் போய்த் திருத்துங்கள்.
6. போன மாதச் செக்ரோலின் மொத்த நாட்பேர், மொத்தச் சம்பளம், ஈ.பி.எஃப்., ஈ.டி.எஃப். தொகை நான்கையும் பழைய அறிக்கையோடு சதம் வரை ஒப்பிடுங்கள்.
7. ஒரு சம்பளச் சீட்டை அச்சடித்துப் பாருங்கள்.

கடைசிப் படியைச் சிரித்துக்கொண்டு தாண்டிவிடாதீர்கள். பழைய மென்பொருள்கள் பலவற்றில் தொழிலாளர் பெயர், யூனிகோடுக்கு முந்திய பாமினி எழுத்துருவில் ஏற்றியிருக்கும். தரவுத்தளத்தில் கிடப்பது வெறும் ஆங்கில எழுத்துக்கள்தான். புதிய வீ.எம்.மில் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் சீட்டில் கங்காணியின் பெயர் கிறுக்கலாக வரும். சிங்களப் பழைய எழுத்துருக்களும் அப்படித்தான். பழைய பெட்டியின் ஃபொண்ட்ஸ் கோப்புறையை முழுதாக நகலெடுத்துவையுங்கள்.

பகல் இரண்டு மணிக்குள் ஆறாம் படி சரிவராவிட்டால் பெயரைப் பழைய சேர்வருக்கே திருப்பிவிட்டு வேறொரு நாள் பாருங்கள். இந்த நேரத்தை முன்கூட்டியே மனேஜரிடம் சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். இல்லாவிட்டால் இன்னும் அரை மணித்தியாலம் என்று இரவு பத்தாகிவிடும்.

பழைய பெட்டிகள்

சரிவந்தபின் பழைய சேர்வரை நிறுத்தி, பவர் கேபிளையும் நெட்வேர்க் கேபிளையும் கழற்றுங்கள். நெட்வேர்க் கேபிள் முக்கியம். கரண்ட் போய் வந்ததும் தானே எழும்பி, அதே ஐ.பி.யோடு புதியதோடு மோதும் பெட்டிகள் உண்டு. இரண்டு சம்பளம் ஒழுங்காகப் போகும்வரை அப்படியே இருக்கட்டும். அதன் பிறகு சுழலும் டிஸ்க்குகளை முழுதாக மேலெழுதி அழியுங்கள், எஸ்.எஸ்.டி. என்றால் அதற்குரிய செக்கியூர் இரேஸ் கட்டளை. இயங்காத டிஸ்க்கைத் துளைபோட்டே கொடுங்கள். பழைய இரும்புக்காரரிடம் முழுப் பெட்டியாகப் போடாதீர்கள்.

யூ.பி.எஸ். முகப்பில் பெட்டரி போட்ட மாதத்தை எழுதி ஒட்டுங்கள். மூன்று வருடம் ஆனதும், ஒவ்வொரு ஆறு மாதமும் ப்ளக்கைப் பிடுங்கி எத்தனை நிமிடம் நிற்கிறது என்று அளந்து அதன் பக்கத்திலேயே எழுதுங்கள். புதிதில் நின்றதில் பாதிக்கு இறங்கினால், மழைக்காலத்துக்கு முன் தொகுதியாக மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் பழைய மூன்றும் புதியதையும் கெடுத்துவிடும்.